வடிக்கப் போனாரா, பாய்ச்சப் போனாரா?

எட்டாம் வகுப்புத் தமிழ்த் தாளில் இரண்டு மதிப்பெண் வினா ஒன்று. அதற்கு விழுந்த ஒரு சுழியத்தைப் பற்றித்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதப் போகிறேன். விஷயம் சின்னது என்று எனக்கும் தெரியும். ஆனால் காலாண்டு விடைத்தாள் கொடுத்த வாரத்திலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்கிறார்கள். எனக்கென்னவோ, பிள்ளைகளுக்குப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று நாம் எல்லோரும் புலம்புகிற புலம்பலில் பாதி இந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள்ளேயே கிடக்கிறது என்று தோன்றுகிறது.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே வினா கேட்கும் பகுதி அது. பத்தி ஏறக்குறைய இப்படி: மூன்று நாட்களாக மழை விடவில்லை. நள்ளிரவில் பெரியவர் எழுந்து, கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியுடன் வயலுக்குப் போனார். விடியும்போதுதான் திரும்பினார். முழங்கால் வரை சேறு. 'இனிமேல் பிழைத்துக்கொள்ளும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அதன்பிறகு உழைப்பின் பெருமை பற்றி நாலு வரி. வினா: பெரியவர் நள்ளிரவில் வயலுக்குச் சென்றது ஏன்? என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பையன் எழுதிய விடை: 'வயலில் நின்ற தண்ணீரை வடிய வைக்க.' அதன் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில், விடைக்குறிப்பில் இருந்தபடி, 'நீர் பாய்ச்ச' என்று திருத்தம்.

தாளை என் முன்னால் போட்டுவிட்டு அவன் கேட்டது இதுதான்: "மழை பெய்யுறப்ப எவனாச்சும் தண்ணி பாய்ச்சுவானாக்கா?"

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிற கடைமடைக்காரர்கள் நாங்கள். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தாலும் சரி, தள்ளித் திறந்தாலும் சரி, கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாக வந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடியும் பிரிந்து, எங்களுக்கு வந்து சேரும்போது தண்ணீர் களைத்துப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். மேலே பெய்ததெல்லாம் வடிந்து எங்கள் தலையில்தான் வந்து நிற்கும். தண்ணீர் வரவில்லை என்று ஒரு சாலை மறியல், வடியவில்லை என்று இன்னொரு மறியல், இரண்டும் ஒரே வருஷத்தில் நடக்கும் ஊர். இங்கே பிறந்த பிள்ளையிடம் மூன்று நாள் மழைக்குப் பிறகு மண்வெட்டி எதற்கு என்று கேட்டால் யோசிக்கவே மாட்டான். பத்தியையும் அந்தத் திருத்தத்தையும் என் மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "எந்த ஊருக்காரன் எழுதினதும்மா இது?" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

பையனைத் தாளோடு அவனுடைய ஆசிரியரிடம் போகச் சொன்னேன். போனான். அவர் படித்துப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு மதிப்பெண் போட்டுக் கொடுத்தாராம். இரண்டில் ஒன்று! பாதி வடித்து, பாதி பாய்ச்சினார் போலிருக்கிறது.

பிறட்டி எத்தனை நாளில் வளுந்தும்?

2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலராகச் சேர்ந்தவள் நான். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தே மறந்துபோயிருந்த நேரம் அது. அப்போது பிடித்த பழக்கம், இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை. நான் பி.எட். படித்தவள் இல்லை. பி.ஏ. தமிழ், அதுவும் தபாலில். அதனால் நான் சொல்வதை ஒரு நிபுணர் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திண்ணையில் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது, பிள்ளைகள் பத்தியைப் படிப்பதே இல்லை என்பது. நேராக வினாவுக்குப் போகிறார்கள். வினாவில் இருக்கும் பெரிய சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்தியில் அதே சொல்லை விரல் வைத்துத் தேடுகிறார்கள். கிடைத்ததும் அந்த வரியை முழுசாக அப்படியே இறக்கிவிடுகிறார்கள். முக்கால்வாசி வினாக்களுக்கு இதுவே போதும். மதிப்பெண்ணும் முழுசாக வரும். இதை அவர்களுக்கே காட்ட வேண்டும் என்று ஒருநாள் பொருளே இல்லாத சொற்களாகப் புனைந்து பலகையில் இப்படி எழுதினேன்: 'குமிலர்கள் பிறட்டியைத் தெமுக்கி நொவலில் சாத்தினர். நொவலில் சாத்திய பிறட்டி மூன்று நாளில் வளுந்தும். வளுந்திய பிறட்டியைக் கிமாட்டிகள் விரும்பி இசுக்கும்.' கீழே வினா. பிறட்டியை எங்கே சாத்தினர்? எத்தனை நாளில் வளுந்தும்? வளுந்திய பிறட்டியை விரும்பி இசுப்பவை எவை? எல்லோரும் எழுதினார்கள். எல்லாம் சரி. ஆறாம் வகுப்பு வாண்டுகள்கூட முழு மதிப்பெண். 'நொவலில்' என்றால் இடம், 'பிறட்டியை' என்றால் செயப்படுபொருள் என்று வேற்றுமை உருபே காட்டிக் கொடுத்துவிடுகிறது. நமது மொழியின் தயவு அது.

அப்புறம் கேட்டேன், "சரி, பிறட்டின்னா என்ன?" திண்ணை முழுக்கச் சிரிப்பு. ஒருவன் "ஊறுகாயாக்கா?" என்றான். அது மோசமான ஊகம் இல்லை. சாத்தி வைக்கிறார்கள், மூன்று நாள் ஆகிறது, யாரோ விரும்பி ஏதோ செய்கிறார்கள். யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான். உண்மையில் அன்றைக்குப் படித்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

எட்டாவதில் என்எம்எம்எஸ் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை. எங்கள் ஊரில் அது பெரிய தொகை. அதனால் பெற்றோர் பலரும் இந்த விரல் வைத்துத் தேடும் வித்தையை இன்னும் வேகமாகச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

தெரிந்தவன் படிப்பதும் தெரியாதவன் படிப்பதும்

சுழியம் வாங்கிய பையனின் கட்சியில் நான் அடித்துப் பேசியதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்குத் தெரிந்த உலகத்தைப் பற்றிய பத்தி என்றால் நம் வாசிப்பே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு பிரபலமான ஆய்வும் இருக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 64 நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை மர பொம்மைகளை வைத்து நடத்திக் காட்டச் சொன்னார்கள். நன்றாக வாசிப்பவர்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒரு பிரிவு. பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று இன்னொரு பிரிவு. முடிவில், வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். வாசிப்புத் திறன் என்று தனியாக ஒன்றை எடுத்து அளந்துவிட முடியாது, எதைப் பற்றிய பத்தி என்பதும் சேர்ந்தே அளக்கப்படுகிறது என்பதுதான் அதில் நான் புரிந்துகொண்டது.

எங்கள் பிள்ளைகளுக்கு வரும் பத்திகளில் பனிச்சறுக்கு இருக்கும், மெட்ரோ ரயில் இருக்கும், அருங்காட்சியகம் இருக்கும். வரட்டும், உலகம் தெரிய வேண்டாமா. ஆனால் அபூர்வமாக ஒருநாள் மண்வெட்டி வந்தது. அன்றைக்கும் தெரிந்தவன் தோற்றான் என்றால் கோபம் வராதா? இந்தக் கோபத்தோடுதான் கொஞ்ச நாள் திரிந்தேன். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அந்தப் பையனுக்கு வயல் தெரியும், சரி. பத்தியைப் படிச்சானான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஊருணி பாதி வந்துவிட்டது

அந்தக் கேள்விக்காகவே நான் ஒரு பத்தி எழுதினேன். இதே பெரியவர், இதே மண்வெட்டி, ஊர் மட்டும் வேறு. முதுகுளத்தூர்ப் பக்கம், வானம் பார்த்த பூமி. ஆடியிலிருந்து பொட்டு மழை இல்லை. ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி கொட்டுகிறது. பெரியவர் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். விடியும்போது முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து, 'ஊருணி பாதி வந்துடுச்சு. தை வரைக்கும் கவலையில்லை' என்கிறார். வினா அதேதான். பெரியவர் நள்ளிரவில் ஓடியது ஏன்?

பையன் முதல் ஆளாக எழுதி முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தான். 'தண்ணீரை வடிய வைக்க.' அவன் மட்டுமில்லை, விவசாய வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். மழை, ராத்திரி, மண்வெட்டி. மூன்றையும் பார்த்ததும் கை தானாக எழுதிவிட்டது. ஒரே ஒருத்தி மட்டும் எழுதாமல் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறவள். அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சொந்தமாகக் குழி நிலம் கிடையாது. திக்கித் திக்கிப் படிக்கிறவள், வகுப்பில் அவளைக் கடைசி வரிசையில் சேர்த்துவிட்டார்கள் என்று அவள் அம்மா ஒருமுறை வருத்தப்பட்டிருந்தார். அவள் கேட்டாள்: "வடிய வச்சிருந்தா ஊருணி எப்படிக்கா பாதி வரும்? கவலையில்லைன்னு வேற சொல்றாரு. தண்ணிய உள்ள விடத்தானே போயிருக்காரு?"

அவளுக்கு ராமநாதபுரம் தெரியாது. ஊருணி என்றால் குளம் மாதிரி ஏதோ ஒன்று என்ற அளவுக்குத்தான் தெரியும். வயலைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்க்காமல் தாண்டிப் போன வரியில் அவள் நின்றுவிட்டாள்.

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப எனக்கு மார்க் போடாதது சரிதானாக்கா?" என்றான். இல்லை என்றேன். அந்தப் பத்தியில் 'மூன்று நாட்களாக மழை விடவில்லை' என்று ஒரு வரி இருந்தது, 'இனிமேல் பிழைத்துக்கொள்ளும்' என்று ஒரு வரி இருந்தது. மழையில் மூழ்குவதுதான் பிழைக்க வேண்டும். ஆகவே அவன் விடை சரி. ஆனால் அந்த வரிகளைப் பார்த்து அவன் அதை எழுதினானா, வரப்பைப் பார்த்த நினைவில் எழுதினானா என்பது வேறு விஷயம். விடைக்குறிப்பு எழுதினவர் செய்ததும் இதேதான். விவசாயி, மண்வெட்டி, வயல் என்றதும் நீர் பாய்ச்சத்தான் என்று அவர் மனதில் இருந்த படம் எழுதிவிட்டது. இரண்டு பேரும் பத்திக்குள் போகாமல் வாசலிலேயே விடையோடு திரும்பியவர்கள். ஒருவருக்கு அதிர்ஷ்டம், ஒருவருக்கு இல்லை.

ஆசிரியை கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது எனக்குப் பிடித்த பதிலாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் பத்தியைத் திறந்துவிடும் என்ற என் நம்பிக்கை போய்விடவில்லை. வயல் தெரிந்த பிள்ளைக்கு 'முழங்கால் வரை சேறு' என்பது கண்ணில் தெரியும், மற்றவர்களுக்கு அது வெறும் சொல். ஆனால் அந்த அனுபவமே சில சமயம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறது.

எந்த வரி?

அன்றிலிருந்து திண்ணையில் ஒரே ஒரு விதி. விடை சொன்னால் வரியையும் சொல்ல வேண்டும். "எந்த வரி?" என்று நான் கேட்பதற்குள் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்களாம். 'நீ என்னைத் திட்டத்தான் கூப்பிட்டேன்னு எந்த வரி சொல்லுது?' என்று ஒருத்தி அவள் அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழைய உரையாசிரியர்களிடம் இந்தப் பழக்கம் ஊறிக் கிடக்கிறது. 'இன்னது என்றதனால் இன்னது பெற்றாம்' என்று எழுதுவார்கள். அதையே பிள்ளைகளுக்கு வாய்ப்பாடாகக் கொடுத்துவிட்டேன். 'மூன்று நாள் மழை என்றதனால் வடிக்கப் போனார் என்பது பெற்றாம்.' பழைய நடையில் எழுதுவது அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

இதற்குப் பிறகு நான் அதிகம் செய்தது ஒரு வரியை மட்டும் மாற்றுவது. பெரியவர் பத்தியில் மழையை எடுத்துவிட்டு, 'முறை வைத்து விட்ட தண்ணீர் மூன்று நாளாக அவர் வாய்க்காலுக்கு வரவில்லை' என்று போட்டேன். வேறெதையும் தொடவில்லை. நள்ளிரவு, மண்வெட்டி, சேறு, 'இனிமேல் பிழைத்துக்கொள்ளும்' எல்லாம் அப்படியே. திண்ணை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தன் முறைக்குத்தான் போயிருக்கிறார் என்று ஒரு கட்சி. பக்கத்து வயல் மடையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு வந்திருக்கிறார் என்று இன்னொரு கட்சி. முறை என்றால் பகலிலும் வருமே, ஏன் நள்ளிரவு? ஏன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை? வந்ததும் ஏன் ஒரே வரி பேசிவிட்டுப் படுத்துவிட்டார்? எதிர்க்கட்சி: ராத்திரி முறை உனக்குத் தெரியாதா, தண்ணீர் திறந்துவிடுகிற லஸ்கர் ஷட்டரைத் தூக்குகிற நேரம் நம் கையிலா இருக்கிறது? ஒருவன் "எங்க பெரியப்பா..." என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். எந்த வீட்டிலும் மடைச் சண்டை இல்லாமல் இல்லை.

அவர் திருடினாரா என்று கடைசிவரை முடிவாகவில்லை, ஏனென்றால் பத்தியில் அதற்கு வரி இல்லை. ஆனால் திருடியிருக்கலாம் என்று நினைக்க வைக்கும் வரிகள் இருந்தன. இந்த வித்தியாசத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் ஆகியிருக்கும், கொட்டாவியும் வந்திருக்கும். சண்டையில் தானாக வந்தது. 'சொல்லியிருக்கு', 'சொல்லலை, ஆனா தோணுது', 'சொல்லவும் இல்லை, தோணவும் இல்லை, நீயா சொல்ற' என்று மூன்று பெட்டி அவர்களே போட்டுக்கொண்டார்கள். கதைமாந்தர் பண்புநலன் என்று பாடாய்ப்படுத்தும் வினாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மதுரைக்கு வைகை

உரைநடைக்கு இப்படி ஒரு வழி கிடைத்தது. கவிதை வேறு கதை. உயர்நிலைக்குப் போன பழைய மாணவர்கள் அவ்வப்போது வந்து நயம் பாராட்டலைக் காட்டுவார்கள். 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை.' 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை.' எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் இதே வரிகள், இதே தலைப்புகள், நடுவில் பாட்டிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து ஒட்டிவிட வேண்டியது. காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக வைகையைப் புகழ்கிறோமே, அதாவது யாருக்காவது உறைக்க வேண்டாமா. பாட்டைப் படிக்காமலே நயம் பாராட்டிவிடலாம் என்பது, பிறட்டி பத்திக்கு முழு மதிப்பெண் வாங்கியதைவிட ஒரு படி மேல்.

இந்த மனப்பாட வரிகளில் சிக்குவதற்கு முன் நடுநிலைப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டையாவது உருப்படியாகக் காட்டிவிட வேண்டும் என்று சிலப்பதிகாரத்துக் கானல்வரியை எடுத்தேன். பாடத்திட்டத்துக்காக இல்லை. பூம்புகார் அவர்கள் சுற்றுலா போன ஊர், அந்தக் கடற்கரையில் நின்றிருக்கிறார்கள். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராகச் சண்டைக்கே போய்விட்டேன். மாதவி யாழை நீட்டுகிறாள். கோவலன் காவிரியைப் பாடுகிறான். சோழன் கங்கையோடு சேர்ந்தாலும் நீ ஊட மாட்டாய், காவேரி என்று பாடுகிறான். அதைத் தொடர்ந்துதான் 'உழவர் ஓதை மதகோதை உடைநீர் ஓதை' வருகிறது. மதகில் தண்ணீர் விழும் சத்தம், கரை உடைந்து பாயும் சத்தம் இரண்டையும் பிள்ளைகள் வாயாலேயே செய்து காட்டினார்கள். அதற்கு எனக்கு உரை தேவைப்படவில்லை. அனுபவம் கதவைத் திறந்த இடம் அது.

அடுத்த இடம் அனுபவத்தால் திறக்காது. மாதவிக்குச் சந்தேகம் வருகிறது, இவன் மனதில் வேறு யாரோ இருக்கிறாள் என்று. யாழை வாங்கி அவளும் பாடுகிறாள். இளங்கோவடிகள் சொல்வது, 'தானும் ஓர் குறிப்பினள்போல்' பாடினாள் என்று. கோவலன் அதைக் கேட்டு, இவள் மனம் வேறொருவன் மேல் என்று முடிவுகட்டி எழுந்து போய்விடுகிறான். பிறகு மதுரை, சிலம்பு, தீ. நான் கேட்டது ஒன்றுதான். மாதவி மனதில் வேறு ஆள் இருந்தானா? எந்த வரி?

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் லோடு ஆட்டோக்காரர் மகள்தான் மறுபடியும். "'போல்'னு இருக்கேக்கா. அப்படின்னா நெசமா இல்லையே." உடனே வடிகால் பையன் எழுந்தான். "அது நமக்குத்தானே தெரியும்? கோவலன் எப்படி அந்த வரியப் படிப்பான்? அவன் பாட்டை மட்டும்தானே கேட்டான்?" வாசகருக்குத் தெரிந்தது வேறு, கதைக்குள் இருப்பவருக்குத் தெரிந்தது வேறு என்பதை இந்த வயதில் ஒரு பிள்ளை இவ்வளவு சுத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து பேச்சு பாட்டுக்குள் இருக்கும் 'நான்' யார் என்பதற்குப் போனது. அகப்பாடல்களுக்கு அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், எதற்கு என்று கேட்டதில்லை. பாட்டில் ஏங்குகிற பெண், பாடுகிற பெண்ணாக இருக்க வேண்டியதில்லை. நெய்தல் நிலத்துப் பாட்டில் பிரிந்தவனை நினைத்து இரங்குவது மரபு. பாட்டு தெரிந்த கோவலனுக்கு இது தெரியாமல் இருக்காது. இருந்தும், அவன் மனதில் இருந்த படம் பாட்டைக் கேட்க விடவில்லை. "நம்ம கொஸ்டின் பேப்பர்காரர் மாதிரி" என்றான் பையன். தன்னையும் சேர்த்துச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது, நானும் 'எந்த வரி' என்று கேட்கவில்லை. ஊழ்வினை உருத்து வந்ததால்தான் பிரிந்தான் என்று காப்பியமே சொல்கிறதே என்று நான் எடுத்துக்கொடுத்தபோது, ஆறாவது படிக்கும் ஒருவன், "அப்ப எந்தக் கேள்விக்கும் ஊழ்வினைன்னு எழுதிட்டா மார்க் உண்டா?" என்று கேட்டான். அவன் பிழைத்துக்கொள்வான்.

இதையெல்லாம் என் ஆசிரியைத் தோழியிடம் சொன்னபோது அவர் மயங்கிவிடவில்லை. திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர், மணிக்கணக்கில் சண்டை போடலாம். அவருக்கு நாற்பது நிமிடப் பாடவேளை, முடிக்க வேண்டிய பாடங்கள், ஏற்ற வேண்டிய பதிவுகள். அதிலும் எழுத்துக்கூட்டியே இன்னும் படிக்கத் தெரியாத நாலைந்து பேர் எட்டாவதிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் எந்த வரி என்று கேட்பது கொடுமை. அவர் சொல்வது முழுக்க நியாயம். எழுத்தைக் கூட்டுவதிலேயே மூச்சு முட்டுகிற பிள்ளைக்குப் பொருள் தேட மூச்சு மிச்சம் இருக்காது. அவர்களுக்கு நான் பத்தியை வாசித்துக் காட்டிவிட்டு வாயால் கேட்கிறேன். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் பிற்பகலில் தனியாக எழுத்துக்கூட்டப் பழக்குவதை அது ஈடுகட்டாது. அது வேறு வேலை, அதையும் யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

மற்றவர்களுக்கு, வாரம் ஐந்து பத்தி கொடுத்து இருபது வினா கேட்பதைவிட ஒரே பத்தியை எடுத்து ஒரு வினாவில் நிற்கலாம் என்பது என் கட்சி. தேர்விலும் 'ஏன்' என்று கேட்டால், விடையோடு பத்தியிலிருந்து அந்த வரியையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். 'மூன்று நாட்களாக மழை விடவில்லை என்பதால்' என்று தொடங்கியிருந்தால் திருத்துகிறவர் பேனா ஒரு நொடியாவது நின்றிருக்கும். மதிப்பெண்ணுக்கு நான் எதிரி இல்லை. பெற்றோர் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

தோழி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவர் வகுப்பில் ஒருநாள் செய்து பார்க்க ஒரு பத்தி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உளுந்து தெளிப்பதை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சம்பா நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கையில், பயிருக்குள் நடந்து உளுந்தை விசிறுவார்களே, அது. வினா: நெல்லை அறுப்பதற்கு முன்பே ஏன் விதைத்தார்? மண்ணில் ஈரம் இருக்கும்போதே முளைத்தால்தான் உண்டு என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே தெரியும். அவர் வகுப்பில் டவுனிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களும் பத்தியை வைத்தே சொல்லிவிட முடிய வேண்டும். அதற்கு ஈரத்தைப் பற்றி ஒரு வரி வேண்டும். முதலிலேயே வைத்தால் விரல் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், கடைசியில் வைத்தால் யாரும் அதுவரை படிக்க மாட்டார்கள். இப்போதைக்கு, விதைப்பவரின் கால் புதைந்ததைப் பற்றிய வரியாக அதை மாற்றி நடுவில் வைத்திருக்கிறேன்.